யாருடைய முகத்தால் சிரிக்கிறோம்?

மீம் ஓவியம் பற்றிய சண்டை எங்கே தொடங்கினாலும் இரண்டு வசனத்தில் வந்து நிற்கும். ஒரு பக்கம்: "இது ட்ரேஸ் பண்ணினது, இதெல்லாம் ஒரு ஓவியமா?" மறுபக்கம்: "மீமுக்குப் போய் ஒறிஜினல் கேக்கிறீங்களே, வேற வேலை இல்லையா?" முதலாவது கூட்டம் மூலப் போட்டோவைப் பக்கத்தில் வைத்து, படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு, கள்ளனைப் பிடித்த சந்தோசத்தில் பகிரும். இரண்டாவது கூட்டம் "பொறாமை" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு அடுத்த படத்தைப் போடும். இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அடுத்த கிழமை வேறொரு படத்துக்கு அதே சண்டை.

நாங்கள் இரண்டு கூட்டத்தோடும் சண்டைக்கு வந்திருக்கிறோம். ட்ரேஸ் பண்ணுவது களவு இல்லை. ஆனால் ட்ரேஸ் பண்ணிவிட்டு "வரைந்தது நான்" என்று மூலையில் கையொப்பம் வைப்பது பொய். அந்தப் பொய்யால் நட்டப்படுவது போட்டோ எடுத்தவர் மட்டும் இல்லை. எங்கட சனத்தின் முகத்தை எங்கட கையால் வரைந்து சிரிக்கக்கூடிய ஒரு தலைமுறையும் சேர்த்துத்தான் நட்டப்படுகிறது. கடைசியில் சொன்னது கொஞ்சம் பெரிய கதைபோல இருக்கும். பொறுங்கோ, அங்கேதான் வருகிறோம்.

எந்தக் கோட்டை விடுவது?

ட்ரேஸ் என்பது எங்கள் யாருக்கும் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து கரையோரத்தைப் பென்சிலால் இழுக்காதவர் யார்? இப்போது தாளும் தேவையில்லை. போனில் ஐபிஸ் பெயின்ற் போல ஒரு செயலியைத் திறந்து, போட்டோவைக் கீழ் லேயரில் போட்டு, அதை மங்கலாக்கி, மேல் லேயரில் விரலால் கோடு இழுத்து, வேலை முடிந்ததும் கீழ் லேயரை அழித்துவிட்டால் சரி. அழித்த பிறகு போட்டோ இருந்த தடயமே இல்லை. "நானே வரைஞ்சது" என்று சொல்லும் ஆசை பிறக்கிற இடமும் அதுதான்.

ஆனால் ட்ரேஸ் எல்லாம் ஒரே சாதி இல்லை. யாவ் மிங்கின் சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணிக்கு விளையாடிய சீனக் கூடைப்பந்து வீரர். 2009இல் ஒரு ஊடகச் சந்திப்பில் பக்கத்தில் இருந்த சக வீரரின் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காட்சியை 2010இல் இணையப் பாவனையாளர் ஒருவர் கறுப்புக் கோடுகளாக மாற்றினார். சுருங்கிய கண், மடிந்த கன்னம், காதுவரை போகும் வாய். அவ்வளவுதான். மைக் இல்லை, வெளிச்சம் இல்லை, தோலின் நிறம் இல்லை. மிஞ்சிய ஒரு சில கோடுகள் "போடா, உன்ர கதையும் நீயும்" என்று சொல்லத் தொடங்கின. அந்த முகத்தை அனுப்பியவர்களில் பலருக்கு யாவ் மிங் யாரென்றே தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 2011இல் ஒபாமாவின் "பரவாயில்லையே" முகமும், நீல் டிகிராஸ் டைசன் இரண்டு கையையும் தூக்கும் உருவமும் அதே வழியில்தான் வந்தன. எல்லாம் காட்சியின் மேல் இழுத்த கோடுகள்.

இவற்றை ஓவியம் இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு படத்தில் ஆயிரம் விசயம் இருக்கும். அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறை விட்டுவிட்டு, சிரிப்பு எந்தப் பத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குக் கண் வேண்டும். கேலிச்சித்திரக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிற வேலையும் அதுதான்.

இனி மற்ற வகையைப் பாருங்கள். ஒரு நடிகரின் போட்டோ. தாடியில் உள்ள ஒவ்வொரு மயிரும், கண்ணில் விழுந்த வெளிச்சப் புள்ளியும், சேட்டில் உள்ள ஒவ்வொரு பொத்தானும் அப்படியே இழுத்து நிரப்பப்பட்டிருக்கும். எதுவும் விடப்படவில்லை, எதுவும் சேர்க்கப்படவுமில்லை. போட்டோவில் இருந்த உயிர் கொஞ்சம் குறைந்ததுதான் மிச்சம். கீழே கையொப்பம், பக்கத்தில் "டிஜிட்டல் ஆர்ட்" என்று ஒரு ஹேஷ்டேக், அதற்குக் கீழே "படம் வரைந்து தரப்படும், இன்பொக்ஸ் வரவும்".

இரண்டும் ட்ரேஸ்தான். சிவப்புக் கோடு போட்டுப் பார்த்தால் இரண்டுமே மூலத்தோடு பொருந்தும். ஆனால் ஒன்றில் ஒரு ஆள் யோசித்திருக்கிறார். மற்றதில் விரல் மட்டும் ஓடியிருக்கிறது. சிவப்புக் கோட்டால் இந்த வித்தியாசத்தைக் காட்ட ஏலாது.

வடிவில்லாத முகங்கள்தான் தங்கின

இணையத்தில் நீண்ட காலம் நின்ற முகங்களைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். அவற்றில் வடிவாக வரைந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ட்ரோல்பேஸ் முகத்தை 2008இல் கார்லோஸ் ரமிரெஸ் என்ற அமெரிக்க இளைஞர் பெயின்ற் செயலியில் வரைந்து டேவியன்ட்ஆர்ட்டில் போட்டார். கோடு நெளிந்திருக்கும், பல் எண்ணிக்கை தப்பியிருக்கும், நாடி எங்கே முடிகிறது என்று தெரியாது. வொஜாக் என்கிற அந்த மொட்டைத்தலைச் சோக முகம் 2010 அளவில் போலந்து, ஜேர்மன் மொழிப் படப்பலகைகளில் சுற்றத் தொடங்கியது. அதை முதலில் வரைந்தவர் யாரென்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஒரு சின்னப்பிள்ளை வரைந்ததுபோல இருக்கும். ஆனாலும் அதில் ஒரு துக்கம் இருக்கிறது. அந்தத் துக்கத்தை ஆயிரக்கணக்கான பேர் திரும்பத் திரும்ப வரைந்து தங்கட துக்கமாக்கினார்கள்.

2008இல் வந்த 'லொஸ்' என்ற நாலு கட்டச் சித்திரக்கதை இதன் கடைசி எல்லை. சிரிப்புக்காக நடத்தப்பட்ட ஒரு தொடரில், கரு கலைந்த சோகத்தைத் திடீரென்று வசனமே இல்லாமல் வரைந்து வைத்தார் அதன் ஆசிரியர். வாசகர்கள் அதைக் கேலி பண்ணி வரையத் தொடங்கினார்கள். வரைந்து வரைந்து, குறைத்துக் குறைத்து, கடைசியில் மனிதர் நின்ற இடத்தில் நிமிர்ந்த கோடு, படுத்திருந்த இடத்தில் படுத்த கோடு என்று வந்து நின்றது. இன்றைக்கும் நாலு கட்டத்தில் அந்தச் சில கோடுகளைக் கண்டால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். மூலத்திலிருந்து இதைவிடத் தூரம் போக முடியாது. ஆனாலும் மூலம் அதற்குள்தான் இருக்கிறது.

ஆகவே, மீமுக்குள் நகலெடுப்பது குற்றம் என்று தொடங்குகிறவர் மீம் என்றால் என்ன என்பதையே விளங்கிக்கொள்ளவில்லை. கைக்குக் கை போய், போகும்போது மாறுவதுதான் மீம். மாறாமல் போனால் அது வெறும் போர்வேர்ட் மெசேஜ்.

சிவப்புக் கோட்டு நீதவான்களுக்கு

"உண்மையான ஓவியன் ட்ரேஸ் பண்ணமாட்டான்" என்று கொமென்ட் போடுகிறவர்களிடம் ஒரு கேள்வி. எங்கட ஊர் ஓட்டோக்களின் பின்பக்கம் இருக்கிற சே குவேராவை யார் வரைந்தது?

1960 மார்ச் 5ஆம் திகதி ஹவானாவில் அல்பேர்ட்டோ கொர்டா ஒரு போட்டோ எடுத்தார். 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் பிற்ஸ்பற்றிக் அதை வைத்துக் கறுப்பும் சிவப்புமாக ஒரு போஸ்டர் செய்தார். சாம்பல் நிறம் முழுவதையும் தூக்கி எறிந்தார், கண்களைக் கொஞ்சம் மேலே பார்க்க வைத்தார், தோளில் தன்ர பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாக ஒளித்து வைத்தார். இன்று உலகம் முழுக்க ரீசேட்டிலும் சுவரிலும் ஓட்டோவிலும் இருக்கிற இரண்டு நிறச் சே அந்த வழியில் வந்தவர்தான். போட்டோவின் மேல் கட்டிய படம் என்பதால் அது போஸ்டர் இல்லை என்று ஆகிவிடுமா?

சென்னையில் சினிமா பனர் வரைந்தவர்கள் ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை ஆளுயரத்துக்கும் மேலான துணியில் பெருப்பித்துத்தான் வரைந்தார்கள். முகத்தின் அளவு போட்டோவில் இருந்து வந்தது. ஆனால் கன்னத்தில் பச்சையும் நெற்றியில் ஊதாவும் போட்ட துணிச்சல் போட்டோவில் இருக்கவில்லை. அது அவர்களுடையது.

மேல்தட்டுக் கலை உலகத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். ரோய் லிச்டென்ஸ்டைனின் 'வாம்!' 1963இல் வந்தது. அதற்கு முந்தின வருசம் வந்த ஒரு யுத்த கொமிக்ஸ் புத்தகத்தில் ஏர்வ் நோவிக் வரைந்த கட்டத்தை அடிப்படையாக வைத்தது. லிச்டென்ஸ்டைனின் படம் லண்டனில் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவருடைய பெயர் கலை வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. நோவிக்கின் பெயரைக் கொமிக்ஸ் படிக்கிறவர்கள்தான் சொல்லுவார்கள். மியூசியத்தில் தொங்கினால் மேற்கோள், பேஸ்புக்கில் போட்டால் களவு என்பது நல்ல லொஜிக்தான்!

அதைவிட, கையால் வரைந்துவிட்டால் அது சொந்தப் படம் என்று யார் சொன்னது? எங்கட பள்ளிக்கூடச் சித்திரப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, பக்கத்தில் குடிசை என்றுதான் வரைந்தோம். யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது? கீரிமலையும் பெயரில்தான் மலை. ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரிக்குத்தான் ஓடும். யன்னலுக்கு வெளியே பனையும் வடலியும் வேலியும் நின்றன. நாங்கள் ஒருநாளும் காணாத மலையை வரைந்து புள்ளி வாங்கினோம். ட்ரேசிங் தாள் இல்லாமலே செய்த ட்ரேஸ் அது. அதற்கு யாரும் சிவப்புக் கோடு போடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வரைகிற டப்லெட் வாங்க வசதியில்லாமல், சித்திர வகுப்புக்குப் போகாமல், வெடித்த கண்ணாடிப் போனில் விரலால் வரைகிற பிள்ளைக்கு ட்ரேஸ்தான் முதல் வாசல். அந்தப் பிள்ளையை ஆயிரம் பேருக்கு முன்னால் அம்பலப்படுத்திச் சிரிப்பதில் ஒரு கலை அக்கறையும் இல்லை. அது வெறும் ராகிங்.

கையொப்பம் வைக்கிறவர்களுக்கு

இவ்வளவும் வாசித்துவிட்டு ட்ரேஸ் பண்ணுகிறவர்கள் கை தட்டவேண்டாம். உங்களோடுதான் எங்களுக்குக் கூடுதல் கோபம்.

ஷெபர்ட் பெயரியின் கதை தெரியுமா? 2008இல் ஒபாமாவுக்காக 'ஹோப்' போஸ்டர் செய்தவர். சிவப்பு, நீலம், மங்கல் மஞ்சள் நிறங்களில் மேலே பார்க்கும் அந்த முகம். அது அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக மானி கார்சியா 2006இல் எடுத்த போட்டோவில் இருந்து வந்தது. வழக்கு வந்தது. போட்டோவை மாற்றிப் புதிய கருத்துள்ள படமாக்கினேன் என்று வாதாட அவருக்கு நல்ல இடம் இருந்தது. சட்டம் படித்தவர்களே இரண்டு பக்கமும் நின்று வாதாடினார்கள். ஆனால் அவர் வேறொரு போட்டோவைத்தான் பாவித்தேன் என்று பொய் சொன்னார், அதை மறைக்கச் சான்றுகளை அழித்தார், போலியாகவும் செய்தார். 2011இல் பதிப்புரிமை வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2012இல் அவருக்கு இரண்டு வருச நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டொலர் தண்டப்பணமும் கிடைத்தது. தண்டனை ட்ரேசுக்குக் கிடைக்கவில்லை. மறைத்ததற்குத்தான் கிடைத்தது.

நீங்கள் சொல்லும் பதில் எங்களுக்குத் தெரியும். "மீமுக்கு ஆர் பெயர் போடுறது? எல்லாம் பொதுச் சொத்துத்தானே." சரி, பொதுச் சொத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அதன் மூலையில் உங்கட பெயர் ஏன்? ஊர்க் கிணற்றில் எல்லாரும் தண்ணி அள்ளலாம். அள்ளிக்கொண்டிருந்தவர் ஒருநாள் வந்து கிணற்றுக்கட்டில் தன்ர பெயரைப் பொறித்தால், அதை ஊர்க்காரர் என்னவென்று சொல்லுவார்கள்? பெயரில்லாத பண்டத்தைப் பெயரில்லாமல் பாவியுங்கள். பெயர் போடுகிறதென்றால் எல்லாப் பெயரையும் போடுங்கள். இரண்டில் ஒன்று. மூலத்துக்குப் பெயர் இல்லை, எனக்கு மட்டும் பெயர் என்பது சரிவராது.

அதோடு, மீம் முகங்களுக்கு ஆளே இல்லை என்பதும் உண்மையில்லை. ட்ரோல்பேஸை ரமிரெஸ் 2010இல் தன் பெயரில் பதிவு செய்தார். அதிலிருந்து ஒரு இலட்சம் டொலருக்கு மேல் வந்ததாக 2015இல் செய்தி வெளியானது. பெப்பே தவளையை மட் பியூரி 2005இல் தன் சித்திரக்கதையில் வரைந்தார். இணையம் அதை எடுத்தது, ஆயிரம் விதமாக மாற்றியது. அந்த மாற்றங்களில் ஒரு பகுதி இனவெறியர்களிடம் போய்ச் சேர, 2016இல் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்பு அமைப்பொன்று பெப்பேயை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பியூரி சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார். இன்போவோர்ஸ் என்ற தீவிர வலதுசாரி நிறுவனம் 2019இல் அவருக்கு 15,000 டொலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. அதே 2019இல் ஹொங்கொங் இளைஞர்கள் அதே தவளையைத் தங்கட போராட்டத்தின் முகமாக வரைந்து பிடித்தார்கள்.

இதில் நாங்கள் பார்க்கவேண்டியது காசை இல்லை. தவளை எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்ததால்தான், "இது உங்களுக்காக வரைந்ததில்லை" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். மூலத்தை அழித்துவிட்டுப் போகிற ஒவ்வொரு ட்ரேசும் அப்படிச் சொல்லக்கூடிய ஒரு வாயை மூடுகிறது.

எங்கட நாட்டுச் சட்டமும் இதில் ஊமை இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பால் வரும் வருமானத்தை மட்டும் காப்பதில்லை. படைத்தவரின் பெயர் குறிப்பிடப்படவேண்டும் என்ற உரிமையையும் தனியாகவே காக்கிறது. மீம் போட்டதுக்கு யாரும் உங்களைக் கோட்டுக்கு இழுக்கப் போவதில்லை என்பது வேறு கதை. ஆனால் படத்துக்குக் காசு வாங்கும்போது நீங்கள் விற்பது எதை என்று வாங்குகிறவருக்குச் சொல்லத்தானே வேணும்?

கோட்டுக்குக் கீழே இருக்கிற ஆள்

யாரும் அதிகம் கதைக்காத ஒரு விசயம் உண்டு. யாவ் மிங்கும் ஒபாமாவும் பொது வாழ்க்கைக்கு வந்தவர்கள். ஆனால் வொஜாக் வழியில் வந்த பல கேலி முகங்கள், யாரோ தெரியாத மனிதர்களின் போட்டோவுக்கு மேல் இழுக்கப்பட்டவை. வாய் திறந்து, சந்தோசமாகத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்ட ஒரு ஆள், தன் முகம் உலகம் முழுக்க முட்டாளின் அடையாளமாகச் சுற்றுவதை ஒருநாள் கண்டிருப்பார்.

இது தூரத்துக் கதை இல்லை. 2018இல் வட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்த பிறகு ஒவ்வொரு பட்ச் குரூப்பிலும் சக மாணவியின், விரிவுரையாளரின், கன்ரீன் ஐயாவின் முகம் ஸ்டிக்கராகச் சுற்றுகிறது. கேட்டால், "போட்டோ இல்லையே, கார்ட்டூன்தானே" என்பார்கள். கோடாக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? ட்ரேஸ் பண்ணுவதே ஆளை அடையாளம் தெரியத்தானே! தெரியாவிட்டால் உங்களுக்குச் சிரிப்பே வராது. பொதுவில் உள்ளவரைக் கேலி பண்ணுங்கள், அதற்குத்தான் கேலிச்சித்திரம். அதிகாரம் இல்லாத ஒருவரின் முகத்தைக் கேட்காமல் எடுத்துக் கோடு இழுத்தால், அதற்கு ஓவியம் என்ற பெயரைக் கொடுக்காதீர்கள்.

கை பழகும், கண் பழகாது

ட்ரேஸ் பண்ணிப் பண்ணி வரையப் பழகலாம் என்பது பாதி உண்மை. கோடு நடுங்காமல் ஓடும், அளவு பிடிபடும். ஆனால் எதை எங்கே வைப்பது என்ற முடிவை எப்போதும் கீழ் லேயர்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. கிட்ட வைத்து எடுத்த போன் போட்டோவில் மூக்கு பெருத்து, காது சிறுத்து விழும். ட்ரேஸ் பண்ணுகிறவர் அதையும் அப்படியே இழுப்பார், ஏனென்றால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விளிம்பைப் பார்க்கிறார். சோதிப்பது சுலபம். அதே ஆளைக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிற்க வைத்து வரையச் சொல்லுங்கள். மண்டையோடு எப்படி உருள்கிறது, கழுத்து எங்கே சேர்கிறது என்று பார்த்துப் பழகாத கை அந்த இடத்தில் நின்றுவிடும். வேறொரு போட்டோ கிடைக்கும்வரை அசையாது.

2025 மார்ச்சில் எல்லாருடைய போட்டோவும் ஒரே இரவில் ஜிப்லி பாணிக்கு மாறியது நினைவிருக்கும். பழைய மீம் படங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. போட்டோவைக் கொடுத்தால் வடிவான கோடாக மாற்றித் தரும் வேலையை இயந்திரம் ஒரு நிமிசத்தில் செய்கிறது. ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல் இழுப்பதுதான் உங்கட திறமை என்றால், அந்தத் திறமைக்கு இனி ஆள் தேவையில்லை.

எங்கட முகம் எங்கே?

இனி முதலில் சொன்ன பெரிய கதைக்கு வருவோம்.

எங்களுக்கு வடிவேலுவைப் பிடிக்கும். 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தின் நேசமணிக்காக 2019 மே மாதத்தில் உலகமே பிரார்த்தித்தபோது நாங்களும் பிரார்த்தித்தோம். எங்கட கையில் ஒரு டெம்ப்ளேட் இருக்கிறதென்றால் அது அவருடைய முகம்தான். ஆனால் 2022இல் பெற்றோல் வரிசையில் கானோடு இரவிரவாக நின்ற கதையையும் பெரும்பாலும் அந்த முகத்தால்தான் சொன்னோம். கியூஆர் கோட்டுக்கு அலைந்ததையும், பால்மா தேடினதையும், கரண்ட் போற நேரத்தை மனப்பாடமாக்கினதையும் மதுரைப் பேச்சுப் பேசுகிற ஒரு சினிமா முகத்துக்கு மேல் எழுதினோம். சிரித்தோம், அது பொய்யில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்ற எங்கட மாமாவின் முகம் எங்கே? ஓட்டோவுக்குள் காலை மடித்துப் படுத்திருந்தவரின் கோடு எங்கே? பத்து வருசம் கழித்து யாராவது தேடினால், எங்கட கஸ்டகாலத்தில் நாங்கள் சிரித்த முகம் என்று எதைக் காட்டுவது?

இது எங்கட மண்ணில் நடக்காத வேலையும் இல்லை. 'சிரித்திரன்' சுந்தர் என்று அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம் சவாரித் தம்பரை வரைந்தபோது அவருக்குக் கீழ் லேயர் இருக்கவில்லை. மாட்டுச் சவாரியைப் பெயரிலேயே வைத்திருந்த அந்த மனிதரை வாசித்தவர்கள், "இது எங்கட ஊர் ஆள்" என்று உடனே கண்டுகொண்டார்கள். அப்படி ஒரு முகம் சினிமாவில் இருந்து வராது. தெருவில் நின்று பார்த்தவருக்குத்தான் வரும்.

எங்கட பீடத்தில் ஒரு பட்ச் ரீசேட்டுக்குப் படம் கேட்டார்கள். ஒரு பிள்ளை கன்ரீனில் தேத்தண்ணி ஆத்துகிற அண்ணாவை, அவரிடமே கேட்டுவிட்டு, தன்ர கையால் வரைந்து கொடுத்தது. கை கொஞ்சம் நீளம், கோப்பை சரிவு. ஆனால் தேத்தண்ணி மேலிருந்து கீழே விழும்போது அவர் வாயை ஒரு பக்கம் இழுப்பாரே, அது அப்படியே இருந்தது. "வடிவா இல்லை" என்று தள்ளிவிட்டார்கள். தெரிவானது ஒரு சினிமா ஸ்டில்லின் ட்ரேஸ், மூலையில் ஒரு கையொப்பத்தோடு. அந்த ரீசேட்டை இன்று யாரும் போடுவதில்லை. அந்தப் பிள்ளையும் பிறகு எங்களுக்கு ஒரு படமும் காட்டவில்லை.

பொய்க் கையொப்பம் எங்களை எப்படி நட்டப்படுத்துகிறது என்று கேட்டால் இதுதான் பதில். போட்டோவின் துல்லியத்தைக் "கை வண்ணம்" என்று விற்கும்போது, உண்மையாகக் கையால் வரைந்த எல்லாம் பிழையாகத் தெரியத் தொடங்கும். நெளிந்த கோடு, நீண்ட கை, சரிந்த கோப்பை எல்லாம் வெட்கப்படவேண்டிய விசயங்களாகிவிடும். ட்ரோல்பேஸை இந்தத் தராசில் வைத்திருந்தால் முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும்.

என்ன கேட்கிறோம்?

பெரிதாக ஒன்றுமில்லை. 2020 மே மாதத்தில் 'செய்லர் மூன்' தொடரின் ஒரே ஒரு காட்சியை உலகம் முழுக்க ஓவியர்கள் தங்கட தங்கட பாணியில் திரும்ப வரைந்தார்கள். பலர் மூலக் காட்சியைப் பக்கத்திலேயே வைத்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லாததால் யாரும் யாரையும் பிடிக்கவேண்டி வரவில்லை. பார்த்தவர்களும் மூலத்துக்கும் புதுப்படத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்றுதான் பார்த்தார்கள். அந்த மரியாதை எங்கட பக்கங்களிலும் வரட்டும்.

ட்ரேஸ் பண்ணினால், "இந்தப் போட்டோவின் மேல் வரைந்தது" என்று ஒரு வரி எழுதுங்கள். போட்டோ எடுத்தவர் தெரிந்தால் பெயரைப் போடுங்கள். காசு வாங்கினால் அதையும் சொல்லியே வாங்குங்கள். பொது வாழ்க்கையில் இல்லாத ஒருவரின் முகம் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். பக்கம் நடத்துகிறவர்கள், போட்டி வைக்கிறவர்கள், ரீசேட்டுக்குப் படம் தெரிகிறவர்கள் மூலம் எது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்னவரை அவமானப்படுத்தாமல் விடுங்கள். சிவப்புக் கோடு போடுகிறவர்கள் அந்த நேரத்தில் பாதியையாவது, ஒரு புதுப் பிள்ளையின் சொந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதச் செலவழியுங்கள்.

அதோடு, பத்து ட்ரேசுக்கு ஒன்றாவது கீழ் லேயர் இல்லாமல் வரையுங்கள். பஸ்ஸில் மிதிபலகையில் தொங்குகிற கொண்டக்டர், சந்தையில் மீனுக்கு விலை பேசுகிற அம்மா, நூலகத்தில் புத்தகத்துக்கு மேல் நித்திரை கொள்கிற நண்பன், எவரையும் கேட்டுவிட்டு வரையலாம். மூக்கு பிழைக்கும், கை நீளும். பரவாயில்லை, எங்களுக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் போடுகிறோம், உங்கட பெயரோடு.

"வடிவா இல்லை" என்று யாரும் கொமென்ட் போட்டால் அவருக்கு நாங்கள் பதில் சொல்லுறம்.